அமர்ந்த காலும் அயராத இதயமும்

உரைநடை

கற்றல் நோக்கங்கள்

• நெடுநேரம் அசையாது அமர்ந்திருத்தல் இதயத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதை அறிதல்.
• அறிவியற் செய்திகளைத் தமிழில் படித்து உணர்ந்து, பிறர்க்கு எடுத்துரைக்கும் திறன் பெறுதல்.
• இதயநோயின் அறிகுறிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் கூறக் கற்றல்.

நுழையுமுன்

ஓடுவதால் களைப்பு உண்டாகும் என்பதை அனைவரும் அறிவோம். அமர்ந்திருப்பதால் தீங்கு உண்டாகும் என்றால் நம்பத் தயங்குவோம். அமர்தல் ஓய்வு அன்றோ? ஓய்வு உடலுக்கு நன்மை அன்றோ? ஓய்வு எப்போது நன்மை, எப்போது தீமை என்பதை இப்பாடம் ஆராய்கிறது. படித்து முடித்தபின் நீங்கள் இதனை உங்கள் இல்லத்தில் உள்ளோர்க்கு எடுத்துக் கூறவேண்டும். ஆகவே, கருத்தூன்றிப் படியுங்கள்.

1. எல்லையோரத்தின் உழைப்பு

களியக்காவிளையைக் கடந்து வடக்கே செல்லும் தேசிய நெடுஞ்சாலை பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய ஊர்களின் வழியே திருவனந்தபுரத்தை அடைகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோது, அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மாறினாலும் தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே தொடர்ந்து வாழ்ந்தன. பின்னாளில் தொழில் நாடி வந்த குடும்பங்களும் அவர்களோடு சேர்ந்தன.

இவ்வூர்களின் பழைய தொழில்கள் பெரும்பாலும் கால்களை நம்பியவை. நெல்வயலில் நாற்று நடுதல், பனை ஏறுதல், சந்தைக்குச் சுமை தூக்கிச் செல்லுதல், இரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன்னே மரத்துக்கு மரம் நடந்து பால்வெட்டுதல் ஆகிய அனைத்திலும் நடை கலந்திருந்தது. இன்று தொழில்கள் பல மாறிவிட்டன. தானி ஓட்டுவோர், கடையில் கணக்கு எழுதுவோர், தையற்பொறி இயக்குவோர், கணினியின் முன் பணிபுரிவோர், சரக்குந்தில் இரவு முழுவதும் செல்வோர் எனப் பலர் அமர்ந்தே உழைக்கின்றனர். அவர்களது உழைப்பு குறையவில்லை. கால்களின் அசைவுதான் குறைந்துவிட்டது. மாலையில் களைத்து வீடு திரும்பியபின், தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியுடனும் மீண்டும் அமர்கின்றனர்.

பள்ளிப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். வகுப்பறை, பள்ளி ஊர்தி, தனிவகுப்பு, வீட்டுப்பாடம், கைப்பேசி எனப் பகற்பொழுதின் பெரும்பகுதி நாற்காலியிலேயே கழிகிறது.

2. இதயத்தின் ஓயாப் பணி

மனித இதயம் ஏறத்தாழ ஒருவரது மூடிய கையின் அளவு உடையது. ஓய்வாக இருக்கும்போது அது நிமிடத்திற்குச் சராசரியாக 72 முறை துடிக்கிறது எனக் கொண்டால், ஒரு நாளில் 1,03,680 முறை துடிக்கிறது. ஒவ்வொரு நிமிடமும் ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை உடலெங்கும் செலுத்துகிறது. நாம் உறங்கினாலும் அது உறங்குவதில்லை.

இதயமும் ஒரு தசைதான். தான் பிற உறுப்புகளுக்குச் செலுத்தும் குருதியிலிருந்தே தனக்குரிய உயிர்வளியையும் அது பெறவேண்டும். இதற்கென இதயத்தின் மேற்புறத்தில் தனித் தமனிகள் படர்ந்துள்ளன. அத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, பாதை நாளடைவில் குறுகுகிறது. ஒருநாள் அப்படிவு வெடித்து, அவ்விடத்தில் குருதி உறைந்து பாதையை அடைத்துவிட்டால், அத்தமனியை நம்பியிருந்த தசைப்பகுதி உயிர்வளியின்றி மடியத் தொடங்குகிறது. இதனையே மாரடைப்பு என்கிறோம்.

மாரடைப்பு ஒரு நொடியில் தாக்குவதுபோல் தோன்றும். ஆனால் அதற்கு வழிவகுத்த படிவு பல ஆண்டுகளாக ஓசையின்றி வளர்ந்தது. புகையிலை, உயர் குருதியழுத்தம், சருக்கரைநோய், மிகுந்த உப்பும் கொழுப்பும் கொண்ட உணவு, மன அழுத்தம், பரம்பரை ஆகியவை அப்படிவை வளர்க்கும் காரணங்கள். அசைவின்மையும் அவற்றுள் ஒன்று. அது தனித்தும் தீங்கு செய்யும். பிற காரணங்களுக்குத் துணைநின்றும் தீங்கு செய்யும்.

3. காலில் ஓர் இரண்டாம் இதயம்

இதயத்திலிருந்து காலுக்குச் செல்லும் குருதி கீழ்நோக்கி எளிதில் இறங்குகிறது. காலிலிருந்து இதயத்திற்குத் திரும்பும் குருதியோ புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டும். இதற்கு உதவுவது முழங்காலுக்குக் கீழே பின்புறத்தில் உள்ள ஆடுசதை. நாம் நடக்கும்போது அத்தசை சுருங்கிச் சிரைகளை அழுத்துகிறது, குருதி மேலேறுகிறது. தசை விரியும்போது குருதி மீண்டும் கீழிறங்காதவாறு சிரைகளின் உள்ளே உள்ள சிறு தடுக்கிதழ்கள் மூடிக்கொள்கின்றன. கிணற்று நீரைக் கைப்பொறியால் இறைப்பதுபோல், ஒவ்வோர் அடியிலும் இது நிகழ்கிறது. எனவே ஆடுசதையை இரண்டாம் இதயம் என்று மருத்துவர் உவமித்துக் கூறுவர்.

நாம் அசையாது அமரும்போது இந்த இரண்டாம் இதயம் நின்றுவிடுகிறது. அதனால் விளைவன மூன்று.

முதலாவது, காலில் குருதியோட்டம் மெதுவாகிறது. நெடுந்தொலைவு பேருந்தில் சென்று இறங்கும்போது பாதம் வீங்கிக் காலணி இறுகுவதற்கு இதுவே காரணம். நெடுநேரத் தேக்கத்தால் சிலருக்குக் காலின் ஆழ்சிரைகளில் குருதி உறைவதும் உண்டு. அவ்வுறைவு பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே கேடு நேரும். இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல், இலண்டன் மக்கள் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பாதுகாப்பிடங்களில் இரவு முழுவதும் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். அவர்களுள் சிலர் இவ்வகையில் இறந்ததைக் கீத் சிம்ப்சன் என்னும் மருத்துவர் அவ்வாண்டே எடுத்துரைத்தார்.

இரண்டாவது, சருக்கரையின் பயன்பாடு குறைகிறது. உண்ட உணவிலிருந்து குருதியில் சேரும் சருக்கரையைப் பெருமளவில் செலவிடுபவை தசைகளே. உடலின் மிகப்பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் உள்ளன. அவை உறங்கிக் கிடந்தால் குருதியில் சருக்கரை மிகுந்து நிற்கும்.

மூன்றாவது, கொழுப்பைக் கரைக்கும் வேலை தளர்கிறது. தசைகளில் உள்ள ஒரு நொதி குருதியில் மிதக்கும் கொழுப்பைப் பிரித்துத் தசைக்கு எரிபொருளாகத் தருகிறது. தசை அசையாதபோது அந்நொதியின் செயல் குறைகிறது.

இம்மூன்றும் ஒருநாள் நிகழ்ந்தால் உடல் தாங்கிக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் நிகழ்ந்தால் தமனிகள் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

4. பேருந்து கற்பித்த பாடம்

அமர்ந்து செய்யும் தொழில் உடலைத் தளர்த்தும் என்பது பழைய அறிவுதான். 1700ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றித் தனி நூல் எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ இராமசீனி, தையற்காரர் போன்று அமர்ந்தே உழைப்போர் ஓய்வுநாட்களிலேனும் உடற்பயிற்சி செய்யவேண்டும் என்று அறிவுறுத்தினார். ஆனால் இதயநோய்க்கும் அமர்தலுக்கும் உள்ள தொடர்பை எண்ணிக்கைகளால் ஆராய்ந்து காட்டியவர் ஜெரி மாரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர்.

அவருக்கு ஆய்வுக்களமாக அமைந்தவை இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகள். ஒரே பேருந்தில் இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதியை அமர்ந்தே கழித்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக மாடிக்கும் கீழுக்கும் நாள் முழுதும் ஏறி இறங்கினார். ஒரு நாளில் அவர் ஏறிய படிகள் 500க்கும் மேற்பட்டவை. இருவர்க்கும் ஒரே நகரம், ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே வகையான வாழ்க்கை. வேறுபாடு கால்களின் அசைவில் இருந்தது.

35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 போக்குவரத்துப் பணியாளர்களின் நோய்க்குறிப்புகளை மாரிஸும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தனர். 1953இல் முடிவுகள் வெளிவந்தன. நடத்துநர்களிடையே இதயத் தமனி நோய் குறைவாக இருந்தது. வந்தவர்க்கும் அது பிற்பட்ட வயதிலேயே வந்தது. தாக்கியவுடன் இறந்தவர்களின் விகிதமும் குறைவாக இருந்தது. தபால்காரர்களையும் அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரியும் அஞ்சல்துறை எழுத்தர்களையும் ஒப்பிட்டபோதும் இதுபோன்ற வேறுபாடே தென்பட்டது. நடந்து கடிதம் வழங்கியவர்கள் நலமுடன் இருந்தனர்.

மாரிஸ் இத்துடன் நின்றுவிடவில்லை. தம் முடிவைத் தாமே ஐயுற்று மீண்டும் ஆராய்ந்தார். பணியாளர்களுக்கு வழங்கப்பட்ட சீருடைகளின் அளவுக் குறிப்புகளைத் திரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பளவு, பணியில் சேர்ந்த இளமைப்பருவத்திலேயே நடத்துநர்களின் இடுப்பளவைவிடப் பெரிதாக இருந்தது புலப்பட்டது. எனவே நோய்க்கு இருக்கை மட்டுமே காரணம் ஆகாது, உடல்வாகுக்கும் பங்கு இருக்கலாம் என்பதை 1956இல் வெளிப்படையாக எழுதினார். தமக்குச் சாதகமல்லாத செய்தியையும் மறைக்காமல் கூறுவதே அறிவியலின் நெறி. பின்னர் உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகள், உடல்வாகு முதலிய காரணங்களைக் கணக்கில் கொண்டபின்னும் அசைவு இதயத்தைக் காக்கிறது என்பதை உறுதிசெய்தன. 1910இல் பிறந்த மாரிஸ், முதுமையிலும் நடைப்பயிற்சியையும் நீச்சலையும் கைவிடாதவர். அவர் 2009இல், தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே ஓடும் பேருந்தில் நீங்கள் செல்லும்போது ஓட்டுநரையும் நடத்துநரையும் உற்றுநோக்குங்கள். மாரிஸ் கண்ட வேறுபாட்டை நீங்களும் காணலாம்.

5. பாலராமபுரத்துக் குழித்தறி

பாலராமபுரம் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள புகழ்பெற்ற கைத்தறி ஊர். திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மரின் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகப் பகுதியிலிருந்து சாலியர் குலத்து நெசவாளர்கள் அழைத்துவரப்பட்டுக் குடியமர்த்தப்பட்டனர். ஊரின் பெயரும் அம்மன்னரின் பெயரால் அமைந்ததே. அவர்கள் நெய்த மெல்லிய பருத்தி ஆடைகள் இன்று புவிசார் குறியீடு பெற்று விளங்குகின்றன. தொழிலுக்காக ஊர்பெயர்ந்து வந்து, வந்த மண்ணுக்குப் பெருமை சேர்த்த குடும்பங்கள் அவை.

அங்கே குழித்தறியில் நெசவாளர் தரையளவில் அமர்கிறார். கால்கள் குழியினுள் இறங்கியிருக்கும். கை நாடாவை ஓட்ட, கால்கள் மாறி மாறி மிதியை அழுத்துகின்றன. மேலிருந்து பார்ப்போர்க்கு அவர் அமர்ந்திருக்கிறார். குழியினுள்ளோ கால்கள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. காலால் மிதித்து இயக்கும் பழைய தையற்பொறியும் இத்தகையதே. மின்விசைப்பொறி பொருத்தியபின் வேலை விரைவானது. கால்களின் பங்கு சுருங்கிவிட்டது.

நெசவு துன்பமற்ற தொழில் என்று இதனால் கருதலாகாது. நாள் முழுதும் குனிந்து நெய்வோர்க்கு முதுகுவலியும் மூட்டுவலியும் வருகின்றன. நாம் இங்கே அறியவேண்டியது ஒன்றே: அமர்தல் வேறு, அசையாது அமர்தல் வேறு.

6. நின்றுகொண்டே இருப்பது நலமா?

அமர்தல் தீங்கு என்றால் நாள் முழுவதும் நிற்பது நன்மையா? அதற்கு விடை கேரளத்தின் துணிக்கடைகளில் கிடைத்தது. அங்கே பணிபுரிந்த பெண்கள் பத்து மணிநேரத்திற்கும் மேலாக அமர இடமின்றி நின்றனர். கால்கள் வீங்கின, சிரைகள் புடைத்துச் சுருண்டன. கோழிக்கோட்டில் தையல் தொழிலாளியான விஜி, 'பெண்கூட்டு' என்னும் அமைப்பின் வாயிலாக இப்பெண்களைத் திரட்டினார். நெடிய போராட்டத்தின் பயனாக, 2018இல் கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திப் பணியாளர்க்கு அமரும் உரிமையை வழங்கியது. 2021இல் தமிழ்நாடும் அதேபோன்ற திருத்தத்தை நிறைவேற்றியது.

எல்லையின் இருபுறத்திலும் இன்று இவ்வுரிமை சட்டமாக உள்ளது. நிற்பவர்க்கு அமரும் உரிமை தேவை. அமர்பவர்க்கு எழும் வாய்ப்பு தேவை. உடல் ஒரே நிலையில் கட்டுண்டு கிடப்பதே இருவர்க்கும் பொதுவான கேடு.

7. எவ்வளவு அசைவு வேண்டும்?

உலக நலவாழ்வு அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 5 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மிதமான அல்லது கடுமையான உடலியக்கத்தில் ஈடுபடவேண்டும். பெரியவர்க்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான இயக்கம் தேவை. விரைவான நடை, மிதிவண்டி ஓட்டுதல், தோட்டவேலை ஆகியவை இதில் அடங்கும். அமர்ந்திருக்கும் நேரத்தைக் குறைத்து, அந்நேரத்தில் எத்தகைய அசைவை மேற்கொண்டாலும் நன்மையே என்றும் அந்நெறிகள் கூறுகின்றன.

அமர்ந்தே பிழைக்க வேண்டியவர் என்ன செய்வது? அவர்க்கும் நம்பிக்கை உண்டு. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம் வரை மிதமாக இயங்குவோர்க்கு, எட்டு மணிநேரத்துக்கு மேல் அமர்வதால் மிகும் இறப்பு இடர் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது எனக் கண்டது.

இதற்குப் பொருட்செலவு வேண்டியதில்லை. பின்வருவனவற்றை எந்த இல்லத்திலும் செய்யலாம்.

• அரைமணிக்கு ஒருமுறை எழுந்து ஓரிரு நிமிடம் நடத்தல்.
• கைப்பேசியில் பேசும்போது நடந்துகொண்டே பேசுதல்.
• குடிநீர்ப் பாத்திரத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்காமல், எழுந்து சென்று பருகுதல்.
• தானி ஓட்டுநர் பயணியர்க்காகக் காத்திருக்கும்போது இறங்கி உலவுதல்.
• எழ இயலாத இடத்தில் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துதல். இதனால் ஆடுசதை சுருங்கி விரியும்.
• அருகில் உள்ள கடைக்கு ஊர்தியை விடுத்து நடந்து செல்லுதல்.

இதயநோய், மூட்டுநோய் முதலியன உடையோர் மருத்துவரைக் கலந்துகொண்டே புதிய பயிற்சியைத் தொடங்கவேண்டும்.

8. அறிகுறி தோன்றினால்

நம் இல்லங்களில் நெஞ்சில் வலி எழுந்தால், "வாயுப் பிடிப்பு; சுக்குக் கசாயம் குடித்தால் சரியாகிவிடும்" என்று கூறிக் காலம் கடத்தும் வழக்கம் உண்டு. சில வேளைகளில் அது வாயுவாகவே இருக்கலாம். ஆனால் மாரடைப்பாக இருந்தால், கசாயம் கொதிக்கும் நேரத்தில் இதயத்தசை மடிந்துகொண்டிருக்கும். வாயுவா, மாரடைப்பா என்பதை வீட்டில் இருந்தபடியே முடிவுசெய்ய இயலாது. மின்னிதய வரைவு எடுத்துப் பார்த்து மருத்துவரே கூறவேண்டும்.

நெஞ்சின் நடுவே அழுத்தும் வலி, இடக்கை, தோள், தாடை, முதுகு ஆகியவற்றுக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல், தலைச்சுற்றல் ஆகியவை முதன்மையான அறிகுறிகள். பெண்களுக்கும் சருக்கரைநோய் உடையோர்க்கும் கடும் வலியின்றி, களைப்பும் குமட்டலும் மூச்சுத்திணறலும் மட்டுமே தோன்றுவதும் உண்டு.

அப்போது நோயாளியை நடக்கவோ படியேறவோ விடக்கூடாது. சாய்ந்தவாறு அமரச்செய்து, இறுகிய ஆடையைத் தளர்த்தவேண்டும். இப்பாடம் முழுவதும் எழுந்து நடக்கச் சொன்னோம். இந்நேரத்தில் மட்டும் அசையாது அமர்தலே காப்பு. உடனே 108 என்னும் எண்ணை அழைக்கவேண்டும். கேரளம், தமிழ்நாடு ஆகிய இரு மாநிலங்களிலும் இவ்வெண்ணே அவசர ஊர்திக்கு உரியது.

எல்லையோர இல்லங்களில் பெரியவர்கள் தமிழ் மட்டுமே அறிந்திருக்கக்கூடும். மருத்துவமனையில் அவர்களுக்காகப் பேசுபவர் பலமுறை பள்ளிப் பிள்ளையே. ஆகவே கீழ்க்காணும் சொற்களை இருமொழியிலும் மனத்தில் இருத்துங்கள்.

தமிழ் – மலையாளம்
நெஞ்சுவலி – நெஞ்சுவேதன
மூச்சுத்திணறல் – சுவாசம்முட்டல்
வியர்வை – வியர்ப்பு
தலைச்சுற்றல் – தலகறக்கம்
இடக்கை – இடதுகை

வலி எப்போது தொடங்கியது, நோயாளி அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் எவை ஆகிய இரண்டையும் மருத்துவரிடம் தவறாது கூறவேண்டும். மருந்துச்சீட்டுகளை இல்லத்தில் ஒரே இடத்தில் வைத்திருப்பது அந்நேரத்தில் பேருதவியாகும்.

9. விழிப்புணர்வு நம் கடமை

அரசுகளும் இத்துறையில் முனைந்துள்ளன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பணியாளர்கள் இல்லந்தோறும் சென்று குருதியழுத்தத்தையும் சருக்கரையையும் சோதிக்கின்றனர். 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகள் அமைக்கப்பட்டன. செப்டம்பர் 29ஆம் நாள் உலக இதய நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

எனினும், திட்டத்தால் பாதை அமைக்க முடியும். அதில் நடக்கவேண்டிய கால்கள் நம்முடையவை. தந்தையின் நாற்காலியருகே சென்று, "அப்பா, சற்று நடந்து வருவோம்" என்று அழைக்கும் பிள்ளையின் சொல்லுக்கு எந்த விளம்பரப் பலகையைக் காட்டிலும் வலிமை மிகுதி. குடும்பத்தைக் காக்கவே அவர் நெடுநேரம் அமர்ந்து உழைக்கிறார். அவரது இதயத்தைக் காக்க அரைமணி நேரம் உடன் நடப்பது நம் கடமை.

தெரிந்து கொள்வோம்

திருவனந்தபுரத்தில் உள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் மருத்துவர் மா. ச. வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு உருவாக்கப்பட்டது. 'சித்ரா வால்வு' எனப்படும் அது 1990 டிசம்பர் 6ஆம் நாள் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வுகளைவிட விலை குறைந்ததால் எளியோர்க்கு அது பெரிதும் பயன்பட்டது.

சொற்பொருள்

தமனி – இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுசெல்லும் குழாய்
சிரை – குருதியை இதயத்திற்குக் கொண்டுவரும் குழாய்
உயிர்வளி – ஆக்சிஜன்
நொதி – உடலில் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் பொருள்
நாடா – நெசவில் ஊடைநூலைக் கொண்டுசெல்லும் கருவி
தானி – ஆட்டோ
மின்னிதய வரைவு – இதயத் துடிப்பின் மின்மாற்றத்தைக் கோடாக வரைந்து காட்டும் சோதனை (ஈசிஜி)

மொழியை அறிவோம்

'இரு' என்னும் சொல்லுக்கு எழுத்துத் தமிழில் 'உள்ளது', 'தங்கு' என்னும் பொருள்கள் பெரிதும் வழங்குகின்றன. மலையாளத்தில் 'இரிக்குக' என்றால் உட்காருதல். கன்னியாகுமரிப் பேச்சுத்தமிழிலும் 'இரி' என்பது உட்கார் என்றே பொருள்படும். 'இருக்கை' என்னும் தமிழ்ச்சொல்லில் இப்பொருள் இன்றும் நிலைத்துள்ளது.

இலக்கணக் குறிப்பு

ஓயாப் பணி – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
அயராத இதயம் – எதிர்மறைப் பெயரெச்சம்
காலும் இதயமும் – எண்ணும்மை
நெடுந்தொலைவு – பண்புத்தொகை
உட்கார்ந்திருத்தல் – உட்கார்ந்து + இருத்தல்

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. ஜெரி மாரிஸின் பேருந்து ஆய்வு வெளிவந்த ஆண்டு
(1) 1700 (2) 1940 (3) 1953 (4) 2016
2. 'இரண்டாம் இதயம்' எனப்படுவது
(1) நுரையீரல் (2) ஆடுசதை (3) தமனி (4) சிரை
3. கேரளத்தில் கடைப் பணியாளர்க்கு அமரும் உரிமை வழங்கப்பட்ட ஆண்டு
(1) 1956 (2) 1990 (3) 2018 (4) 2023

ஆ. கோடிட்ட இடங்களை நிரப்புக.

1. உலக இதய நாள் ............ 29ஆம் நாள்.
2. அவசர ஊர்தியை அழைக்கும் எண் ............
3. மலையாளத்தில் 'வியர்ப்பு' எனப்படுவது தமிழில் ............

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.

1. நெடும்பயணத்தில் பாதம் வீங்குவது ஏன்?
2. மாரிஸ் சீருடை அளவுகளை ஆராய்ந்ததன் நோக்கம் யாது?
3. குழித்தறி நெசவாளர்க்கும் கணினிப் பணியாளர்க்கும் உள்ள வேறுபாடு என்ன?

ஈ. விரிவாக விடை எழுதுக.

1. அசையாது அமர்வதால் உடலில் நிகழும் மூன்று மாற்றங்களை விளக்குக.
2. நெஞ்சுவலி கண்டவர்க்குச் செய்யவேண்டியன, செய்யக்கூடாதன ஆகியவற்றைத் தொகுத்து எழுதுக.

உ. கணக்கிடுக.

ஒரு பாடவேளை 40 நிமிடம் எனவும், ஒரு நாளில் 8 பாடவேளைகள் எனவும் கொள்க. பள்ளியில் நீங்கள் அமர்ந்திருக்கும் நேரம் எவ்வளவு? பயணம், வீட்டுப்பாடம், கைப்பேசி ஆகியவற்றுக்குரிய நேரத்தையும் கூட்டி ஒரு நாளின் மொத்தத்தைக் காண்க.

ஊ. கலந்துரையாடுக.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்னும் பழமொழி இப்பாடத்திற்கு எவ்வகையில் பொருந்தும்?

எ. செயல்திட்டம்

உங்கள் இல்லத்தில் பணிக்குச் செல்லும் ஒருவரது ஒரு நாளை அவர் இசைவுடன் குறித்துக்கொள்க. அவர் அமர்ந்த நேரம், நின்ற நேரம், நடந்த நேரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதுக. நீங்கள் அறிந்த செய்திகளைக் கொண்டு அவருக்குத் தமிழில் ஒரு கடிதம் எழுதி, அதனை அவர்முன் படித்துக் காட்டுக.